பறக்கும் ராஜாவும் தெர்மோகோல் மூடியும்

போன வாரம் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தார். பெயர் நித்யா. நான் ஓய்வு பெற்ற பிறகு பாதுகாப்புப் பிரிவில் சேர்ந்தவராம். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. "சார், இந்த வருஷம் சேஃப்டி வீக்குக்கு ஒரு சூப்பர் ஹீரோ அனிமேஷன் பண்ணப்போறோம். எல்லாமே கம்ப்யூட்டர்லயே வரைஞ்சு குடுத்துடுவாங்க. முன்னாடியே நம்ம கம்பெனியில அப்படி ஒரு படம் எடுத்தாங்களாமே, கதை நீங்கதான்னு ஸ்டோர்ல சொன்னாங்க. எப்படிப் பண்ணீங்கன்னு கொஞ்சம் எழுதிக் குடுங்க சார்" என்றார்.

சரி என்றேன். திருநின்றவூரில் உட்கார்ந்துகொண்டு வேளைக்கு மாத்திரை போடுவதைத் தவிர எனக்கு வேறு உத்தியோகம் கிடையாது. கேட்டவர் நாலு வரி எதிர்பார்த்திருப்பார். கேட்டது கேட்டாகிவிட்டது, இனி படித்துத்தான் ஆகவேண்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சூப்பர் ஹீரோ படம் என்று தனியாக ஒன்று கிடையவே கிடையாது. முகமூடி போட்ட போலீஸ் படம் உண்டு, இறுக்கமான சட்டை போட்ட பழிவாங்கும் படம் உண்டு, பறக்கத் தெரிந்த பையனை வைத்து எடுத்த குடும்பப் படம் உண்டு. எடுக்கிறவர் சின்ன வயதில் எந்தப் படத்தைப் பார்த்து வாய் பிளந்தாரோ, அதுதான் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து நிற்கும். வெளிநாட்டில் எடுத்தால் அது எப்படியோ போகட்டும். கும்மிடிப்பூண்டியில் எடுத்தால் கால்வாசி அம்மன் படம், கால்வாசி புராணப் படம், மீதி கல்யாண வீடியோ.

இன்னொன்று, பறக்கிறான் என்பதற்காக ஒருவனை யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. காக்காயும்தான் பறக்கிறது. பறந்து போய் யாரைப் பிடிக்கிறான், பிடிக்காமல் விட்டால் எந்த வீட்டில் அழுகை கேட்கும் என்பதில்தான் படமே இருக்கிறது. இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில், பதினெட்டு நிமிடம் ஓடுகிற ஒரு படம் எடுத்து, அதில் பட்ட வெட்கத்தில் தெரிந்துகொண்டேன்.

நான் பாதுகாப்புப் பிரிவுக்கு வந்தது என் கையெழுத்தால். டைம் ஆபீசில் வருகைப் பதிவு எழுதிக்கொண்டிருந்தேன். எழுத்து முத்து முத்தாக இருக்கிறதே என்று யாரோ சொல்ல, விபத்துப் பதிவேட்டைத் தூக்கி என் மேசையில் வைத்தார்கள். பட்டணத்தில் மூன்று வாரம் பயிற்சி. தீயை அணைப்பது, மயங்கியவனைத் தூக்குவது எல்லாம் மதியச் சாப்பாட்டுக்குப் பின் நடந்த வகுப்புகள் என்பதால் எனக்கு அவ்வளவாக நினைவில்லை. காலை வகுப்பில் கேட்ட ஒன்று மட்டும் மண்டையில் ஏறியது. பதிவேட்டில் எதையாவது திருத்தினால் அதன்மேல் ஒரே ஒரு கோடு. அடித்தது என்ன என்று அடுத்தவரால் படிக்க முடியவேண்டும். பக்கத்தில் சுருக்கொப்பம், தேதி. கிறுக்கி மறைத்தால் அது திருட்டுக்குச் சமம். அந்த விதியை நான் வேதவாக்காக வைத்துக்கொண்டேன். மற்ற விதிகளை ஆலையில் யாரும் வைத்துக்கொள்ளவில்லை, நானாவது ஒன்றை வைத்துக்கொள்ளலாமே என்றுதான்.

தினமும் திருநின்றவூரில் வண்டி ஏறி, பேசின் பிரிட்ஜில் மாறி, கும்மிடிப்பூண்டியில் இறங்குவேன். எங்கள் ஆலையின் மேலாளர் சேஷகிரி. நெல்லூர்ப் பக்கத்துக்காரர், எல்லோரும் அவருக்கு நைனாதான். குரலை உயர்த்தி நான் ஒரே ஒரு நாள்தான் கேட்டிருக்கிறேன். உயர்த்தவேண்டிய தேவை அவருக்கு இல்லை. எதைக் கேட்டாலும் "நோட்டாக் குடு நைனா" என்பார். கொண்டுபோய்க் கொடுத்தால் நிற்கவைத்தே முழுவதும் படிப்பார். பிறகு பச்சை மைப் பேனாவின் மூடியைக் கழற்றுவார். கைக்குட்டையால் முள்ளைத் துடைப்பார். ஓரத்தில் 'பேசுவோம்' என்று எழுதி, கையெழுத்திட்டு, ஊதிக் காயவைத்து, இரண்டு கையாலும் ஏந்தி நம்மிடமே திருப்பித் தருவார். பிரசாதம் வாங்குவதுபோல் நாமும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவோம். பேசுவோம் என்று எழுதிய விஷயத்தைப் பற்றி அவர் பேசியதாக அந்த ஆலையில் சரித்திரம் கிடையாது.

என்னிடம் அப்படி மூன்று பிரசாதங்கள் இருந்தன. மூன்றும் ஒரே விஷயம். கம்பியை அளவாக வெட்டுகிற கத்தரி மெஷின் ஒன்று இருந்தது. பெரிய சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். கீழே கால் வைக்க ஒரு மிதி. மிதித்தால் கத்தி ஒரு முறை இறங்கி ஏறும். வெட்டியதைக் கையால்தான் எடுக்கவேண்டும். மிதிக்கு மேலே மூடி கிடையாது. கால்தான் மிதிக்கவேண்டும் என்று மிதிக்கு என்ன தெரியும், எது விழுந்தாலும் கத்தி இறங்கும். இதைத்தான் மூன்று தடவை எழுதினேன். ஒரு இரும்புத் தகட்டை வளைத்து, கால் நுழைய முன்பக்கம் மட்டும் திறந்து விட்டு, மேலே வைத்தால் தீர்ந்தது.

கன்னியப்பன் அந்த மெஷினில் நின்ற ஒப்பந்தத் தொழிலாளி. அவன் அப்பா சுற்று வட்டாரத்தில் கூலிக்கு நாற்று நட்டவர். நட்ட நிலத்தில்தான் இப்போது ஆலைகள் நிற்கின்றன. ஒரு நாள் காலை, நாஷ்டா முடித்துவிட்டு வந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அடுக்கி வைத்திருந்த துண்டுக் கம்பிகளில் ஒன்று சரிந்து மிதியின்மேல் விழுந்தது. அந்த நேரம் கன்னியப்பனின் வலது கை கத்திக்குக் கீழே, வெட்டிய துண்டை எடுத்துக்கொண்டிருந்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. முதலுதவிப் பெட்டியோடு நான் ஓடியபோது அவன் இடது கையில் எதையோ பொத்தி வைத்திருந்தான். கத்தவில்லை. "அண்ணே, இது ஒட்டுமா?" என்றுதான் கேட்டான்.

ஒட்டவில்லை.

சாயங்காலம் பதிவேட்டில் விபத்து அறிக்கை எழுதவேண்டும். பெயர், நேரம், காயம் எல்லாம் எழுதிவிட்டு, 'காரணம்' என்ற கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு சேஷகிரியின் எதிரில் நின்றேன்.

"தொழிலாளியின் அஜாக்கிரதை" என்றார்.

"சார், மிதிக்கு மூடி இல்லை. மூணு நோட் குடுத்திருக்கேன்."

"நைனா, மூடி இல்லாதது ஒரு நிலைமை. அஜாக்கிரதை ஒரு காரணம். ஃபாரத்துல காரணம்தானே கேக்கறான்."

எழுதினேன். என் எழுத்து அன்றைக்கு வழக்கத்தைவிட அழகாகவே இருந்தது. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்களே, குழி பறித்த கை என்னுடையது.

அறிக்கையின் நகல் ஒன்று அறிவிப்புப் பலகைக்குப் போயிற்று, ஒன்று ஒப்பந்தக்காரரிடம் போயிற்று. கடைசியில் அந்த ஒற்றை வார்த்தை கன்னியப்பனின் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. அவன் மனைவி அமுலுவின் அண்ணன்மார் அதற்கு உரை எழுதிவிட்டார்கள். அஜாக்கிரதை என்றால் வேறு என்ன, குடித்துவிட்டுப் போய் மெஷினில் கை விட்டிருப்பான். கன்னியப்பன் பொங்கல், தீபாவளிக்குக் குடிக்கிறவன், அதனால் சத்தியம் செய்தாலும் எடுபடவில்லை. கட்டு பிரித்துத் திரும்பி வந்தவனுக்கு ஆலையில் துடைப்பம் கொடுத்தார்கள். விரல் போனதைவிட அந்த வார்த்தைதான் அவனை அரித்தது. பார்க்கும்போதெல்லாம், "நான் குடிக்கலண்ணே. உனுக்குத் தெரியும்ல?" என்பான். எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்.

இந்த நிலைமையில்தான் சேஷகிரி ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பட்டணம் போய், தெலுங்கில் டப் செய்த சூப்பர் ஹீரோ படம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தார். திங்கட்கிழமை காலை என்னைக் கூப்பிட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக நோட்டு கேட்கவில்லை.

"தணிகாசலம், நோட்டீஸ் போர்டு எவன் படிக்கிறான்? பறக்கற ஆள் வந்து சொன்னா கேப்பான். சேஃப்டி வீக்குக்கு நாம ஒரு படம் எடுக்கறோம். நீ கதை எழுது."

அந்த ஆண்டு பாதுகாப்பு வாரத்தின் நிறைவு நாளில் தொழிலாளர் குடும்பங்களையும் ஆலைக்குள் அழைத்துச் சுற்றிக் காட்டுவதாக ஏற்பாடு. அவர்கள் முன்னால் திரையிடவேண்டும்.

கேன்டீனில் கதைக் கூட்டம் நடந்தது. வீரனுக்கு 'சேஃப்டி ராஜா' என்று மேலாளரே நாமகரணம் செய்துவிட்டார். அவனுக்கு எப்படிச் சக்தி வந்தது என்ற கேள்வியில் ஆளாளுக்குத் தங்கள் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கேன்டீன் காண்டிராக்டர், அம்மன் நெருப்பிலிருந்து எழுந்து மஞ்சள் ஹெல்மெட்டைத் தலையில் வைக்கவேண்டும் என்றார். ஆடி மாதம் அவர்தான் கூழ் ஊற்றுகிறவர். பர்சனல் ஆபீசருக்குக் கண் தெரியாத தாய் வேண்டும், மகன் ஹெல்மெட் போட்டால் அவளுக்குக் கண் தெரியவேண்டும். சங்கத்துக்காரர், ராஜா வரும்போது பின்னால் நூறு பேர் ஆடவேண்டும் என்றார். சேஷகிரி புராணப் படத்தில் ஊறியவர். அவருக்கு அசுரன் இல்லாமல் கதை ஓடாது. அசுரனின் பெயர் அஜாக்ரதாசுரன். ஸ்டோர் கீப்பருக்கு மீசை வரைந்து, தண்ணீர்த் தொட்டியின் மிதவைக் குண்டில் கழியைச் சொருகிக் கதாயுதமாகக் கையில் கொடுத்தோம். நல்ல மனிதர், கொசு கடித்தால்கூட அடிக்கமாட்டார்.

நான் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். எழுதும்போதே ஒன்று தோன்றியது. இந்த மாதிரிப் படத்தில் கெட்டவன் எப்போதும் கொம்பு வைத்தவனாக, கரி பூசியவனாகத்தான் இருக்கிறான். பச்சை மைப் பேனா வைத்தவனை வில்லனாகப் போட்டு எவனும் படம் எடுப்பதில்லை. தோன்றியதை எழுதவில்லை.

படம் பிடிக்க வந்தவர் ஜமால் பாய். பழவேற்காட்டில் கருவாட்டு வியாபாரக் குடும்பம். இவர் மட்டும் பொன்னேரியில் கல்யாண வீடியோ ஸ்டுடியோ வைத்திருந்தார். கிரேன் ஓட்டும் பிரான்சிஸ்தான் சேஃப்டி ராஜா. கம்பெனி மழைக்கோட்டைத் திருப்பிப் போட்டு முதுகில் கட்டிக்கொண்டு மேசையில் குப்புறப் படுத்தார். ஜமால் பாய் தன் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"அண்ணே, பறக்கற எஃபெக்டு நம்மகிட்ட இல்ல. பொண்ணு மாப்ள மேகத்துல போற எஃபெக்டு கீது. அதுல ஜோடியத் தூக்கிட்டு இவர வச்சிடலாமா?"

வைத்தார். அதனால் எங்கள் சேஃப்டி ராஜா ரோஜா இதழ் மழைக்கு நடுவில், இதய வடிவ மேகத்தில் மிதந்து கும்மிடிப்பூண்டிக்கு வந்தார். அசுரன் வெடிக்கும் இடத்தில் குத்துவிளக்கு எரிந்தது.

எடிட் செய்த முதல் பிரதியைச் சேஷகிரியின் அறையில் போட்டுப் பார்த்தோம். அசுரன் வந்தான், ராஜா வந்தார், சண்டை நடந்தது, தர்மம் வென்றது. டீ கொண்டுவந்த ஆள் திரையைப் பார்த்துக் கொட்டாவி விட்டுவிட்டுப் போனான். என்ன குறை என்று யாருக்கும் பிடிபடவில்லை. ஜமால் பாய்தான் சொன்னார்.

"சார், ஆயிரம் கல்யாணம் எடுத்துட்டேன். தாலி கட்றத எவனும் ரெண்டாவது வாட்டி போட்டுப் பாக்கறதில்ல. பொண்ணோட அம்மா அழுவுற சீனத்தான் திருப்பித் திருப்பிப் போடுவாங்க. இதுல அழுவுறதுக்கு ஆளே இல்ல. ராஜா யாரக் காப்பாத்தறாரு?"

நியாயமான கேள்வி. எங்கள் ராஜா பொதுவாகத் தொழிலாளர் வர்க்கத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். பொதுவாக யாரையும் காப்பாற்ற முடியாது. படத்திலும் முடியாது, ஆலையிலும் முடியாது. பெயரும் வீடும் உள்ள ஒருவன் வேண்டும். சேஷகிரி ஒரு நொடி யோசித்தார். முகம் மலர்ந்தது.

"நம்ம கன்னியப்பன் இருக்கானே."

ஆக, கன்னியப்பன் கன்னியப்பனாகவே நடிக்கவேண்டும். கத்தி இறங்கும் நேரத்தில் ராஜா பறந்து வந்து கையை இழுத்துவிடுவார். விரல் பிழைத்துவிடும். பிழைத்த கையைக் கூப்பிக்கொண்டு கேமராவைப் பார்த்து அவன் சொல்லவேண்டிய வசனத்தைச் சேஷகிரியே எழுதினார்: "என் அஜாக்கிரதைதான் காரணம். இனி ஜாக்கிரதையாக இருப்பேன்." பச்சை மையில்.

இல்லாத விரலை எப்படிக் காட்டுவது? தோல் கையுறை போட்டு, இரண்டு விரலில் பஞ்சை அடைத்தோம். வேலைக்குச் சேர்ந்த நாலு வருடத்தில் கம்பெனி கன்னியப்பனுக்குக் கொடுத்த முதல் கையுறை அதுதான்.

படப்பிடிப்புக்கு முந்தின நாள் அவன் என் மேசைக்கு வந்தான்.

"அண்ணே, நடிக்கிறேன். மாட்டேன்னா அடுத்த மாசம் கேட் பாஸ் போடமாட்டேன்னு காண்ட்ராக்டரு சொல்லிட்டாரு. பறக்கறவன் கால்ல வேணா வுழறேன். அந்த வார்த்தய மட்டும் எடுத்துடுண்ணே. அன்னிக்கி அமுலு வருவா. அவ எதிர்க்க என் வாயாலயே சொல்லிட்டா, ஊட்ல நான் இன்னா பேசறது?"

அவன் கேட்டது அவ்வளவுதான். ஒரு வார்த்தை. நான் பேனாவைத் திறந்து மூடினேன். என் வாயிலிருந்து வந்தது, "பேசுவோம் கன்னியப்பா." சொன்ன பிறகுதான் அது யாருடைய சொல் என்று உறைத்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது.

மறுநாள் மெஷின் முன்னால் ஜமால் பாய் கேமராவை வைத்தார். சேஷகிரி குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். நிமிர்ந்தார்.

"மிதிக்கு மூடி இல்லையே நைனா. படத்துல பளிச்சுனு தெரியுதே."

மூன்று நோட்டும் இரண்டு விரலும் கொடுத்து வாங்க முடியாத மூடி, கேமரா வந்ததும் வந்துவிட்டது. ஒரு மணி நேரத்தில் ஜமால் பாயின் கல்யாண மேடை அலங்கார ஆள் தெர்மோகோலை அறுத்து, ஒட்டி, மஞ்சள் அடித்து, கறுப்புப் பட்டை போட்டு, நாலு போல்ட்டும் வரைந்துவிட்டான். அருகில் போய்ப் பார்த்த எனக்கே இரும்பு என்று தோன்றியது. கன்னியப்பன் பஞ்சு விரலைக் கூப்பிக்கொண்டு ஒரே டேக்கில் வசனத்தைச் சொல்லி முடித்தான். திரும்பி என்னைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் மூடியைக் கழற்றப் போனேன். "இருக்கட்டும் நைனா, விழா வரைக்கும். பாக்க நல்லா இருக்கு" என்றார் மேலாளர். இருக்கட்டும் என்று விட்டேன். இதுதான் என் உத்தியோக வாழ்க்கையில் நான் செய்த மகா பாவம். மூடி இல்லாத மிதியைப் பார்த்தால் தொழிலாளி பயப்படுவான், தள்ளி நிற்பான். மஞ்சளும் கறுப்புமாக ஒரு மூடியைப் பார்த்தால் நம்புவான். மூன்றாம் நாளே ஒருவன் அதன்மேல் சாப்பாட்டுத் தூக்கை வைக்கப் போனானாம். தினமும் நான் நிரப்பும் சோதனைப் பட்டியலில் 'மிதி மூடி' என்ற இடத்தில் 'உள்ளது' என்று டிக் அடித்தேன். பொய் இல்லை பாருங்கள், உள்ளதுதானே.

தூக்கை வைக்கப் போனவனைத் தடுத்தது கன்னியப்பன். படம் முடிந்த நாளிலிருந்து அவன் அந்த மெஷினைச் சுற்றியே பெருக்க ஆரம்பித்தான். ஷிப்டு மாறிப் புதிதாக வருகிற ஒவ்வொருவனிடமும், "தம்பி, அது தெர்மாகோலு. சாஞ்சிடாத. ஒண்ணியும் மேல வைக்காத" என்று சொல்வான். சூப்பர்வைசர் அவனைத் திட்டுவதை நானே கேட்டேன்.

"இன்னாடா அங்கியே பெருக்கிக்கினு கீற? தங்கம் கீதா?"

"தூசு சார்" என்றான் கன்னியப்பன்.

விழா நாள் வந்தது. கேன்டீனில் வேட்டி கட்டித் திரை. முன் வரிசையில் சிறப்பு விருந்தினராக வந்திருந்த தொழிற்சாலை ஆய்வாளர், பக்கத்தில் சேஷகிரி. பின்னால் குடும்பங்கள். அசுரன் வந்ததும் கேன்டீன் அதிர்ந்தது. ஸ்டோர் கீப்பரின் மனைவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார். ரோஜா மழையில் ராஜா மிதந்தபோது யாரோ "பொண்ணு எங்கப்பா?" என்று கேட்டார்கள். சிரிப்பு அடங்கவில்லை. கன்னியப்பன் மெஷின் முன்னால் நின்றதும் அடங்கிவிட்டது.

ஜமால் பாய் சொன்னது சரிதான். அதுவரை அது துணியில் ஓடிய வேடிக்கை, பிறகு படமாகிவிட்டது. கத்தி இறங்குகிறது, ராஜா இழுக்கிறார், கை பிழைக்கிறது. அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும், அந்தக் கை பிழைக்கவில்லை என்று. கன்னியப்பன் பெரிய முகமாகத் திரையில் வந்து, "என் அஜாக்கிரதைதான் காரணம்" என்றான். ஓரத்தில் ஒரு ரோஜா மலர்ந்தது. மூன்றாம் வரிசையில் அமுலு தலையைக் குனிந்துகொண்டாள். கூட வந்திருந்த அவள் அண்ணன், நான் சொன்னேன்ல என்பதுபோல் தொடையைத் தட்டினான்.

கைதட்டல் ஓய்ந்ததும் ஆய்வாளர் எழுந்தார். அதிகம் பேசாத மனிதர்.

"அந்த மிதி மூடி நல்லா இருக்கே. மத்த ஆலைகளுக்கும் சொல்லலாம். பாத்துட்டு வந்துடுவோமா?"

"மொதல்ல டீ சார்" என்றார் சேஷகிரி. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றுதான்.

"டீ வந்து குடிக்கலாம்."

போனோம். எப்படியும் சுற்றிக் காட்டும் நாள் என்பதால் குடும்பங்களும் பின்னாலேயே வந்தன. விழாவுக்காக உற்பத்தியை நிறுத்தும் வழக்கம் எங்களுக்கு இல்லை. சக்கரம் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. சேஷகிரி மெஷினுக்குப் பத்தடி முன்பே நின்று, "இங்கிருந்தே நல்லாத் தெரியுது சார். மஞ்சள் கோட்டத் தாண்டக் கூடாது, சேஃப்டி ரூல்" என்றார். இருபது வருடத்தில் அந்தக் கோட்டை அவர் மதித்ததும் அன்றுதான்.

கன்னியப்பன் அங்கே பெருக்கிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்தான். அமுலுவைப் பார்த்தான். மெஷினில் நின்ற ஆளைக் கையைக் காட்டித் தள்ளி நிற்கச் சொன்னான். துடைப்பக் கழியைக் கத்திக்குக் கீழே நீட்டி வைத்தான். பக்கத்திலிருந்த துண்டுக் கம்பி ஒன்றை இடது கையால் எடுத்து, மூடியின்மேல் விட்டான். வீசவில்லை, விழ விட்டான்.

வரைந்த போல்ட்டோடு மூடி இரண்டாகப் பிளந்தது. வெள்ளை உருண்டைகள் சிதறின. கத்தி இறங்கி ஏறியது. கழியின் முனை தரையில் உருண்டு சேஷகிரியின் பூட்சில் போய் நின்றது.

"இப்ப துடப்பம் சார். அன்னிக்கி என் வெரலு" என்றான் கன்னியப்பன்.

மழைக்கோட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு சேஃப்டி ராஜாவும் கூட்டத்தில்தான் நின்றார். அமுலுதான் முதலில் வாய் திறந்தாள்.

"அப்ப அன்னிக்கி நீ குடிக்கல?"

"அதத்தானடி சொல்லிக்கினு கீறேன்."

ஆய்வாளர் என் பக்கம் திரும்பினார். "அந்த விபத்து ரிப்போர்ட் யார் எழுதினது?"

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று அதுவரை ஒதுங்கி நின்றவன் நான். பச்சைப் பேனா பக்கத்திலேயே நின்றது. "நான்தான் சார்" என்றேன். "மூடி கேட்டு மூணு நோட்டு குடுத்தேன். அஜாக்கிரதைன்னு எழுதச் சொன்னாங்க. எழுதினது நான்."

"பதிவேட்டத் திருத்துங்க. மூடிய இப்பவே போடுங்க" என்றார் ஆய்வாளர். ஃபிட்டர்கள் தகட்டை வெட்டி, வளைத்து, துளை போட்டு மாட்டினார்கள். கேன்டீனில் ஊற்றி வைத்த டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. இத்தனை வருடம் பேசவேண்டியிருந்த விஷயம் அவ்வளவுதான்.

பிறகு நடந்ததையும் சொல்லவேண்டும். படத்தில் கன்னியப்பனின் வசனத்தை மட்டும் வெட்டிவிட்டு ஏதோ ஒரு போட்டிக்கு அனுப்பினார்கள். புதுமையான விழிப்புணர்வு என்று கேடயம் வந்தது. சேஷகிரி அதைக் கட்டிப்பிடித்து எடுத்த போட்டோ வரவேற்பறையில் தொங்கியது. இப்போதும் தொங்கலாம், நித்யா பார்த்திருப்பீர்கள். அடுத்த மாதம் ஒப்பந்தக்காரரின் பட்டியலில் கன்னியப்பன் பெயர் இல்லை. அதற்கு நான் நோட்டு எழுதவில்லை. ஓய்வுக்கு இன்னும் ஆறு வருடம் இருந்தது, பயந்தேன். அவன் அமுலுவின் அம்மா வீட்டோடு பொன்னேரிக்குப் போய், ஸ்டேஷன் பக்கம் சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தான். ரயில் அங்கே நிற்கும்போதெல்லாம் நான் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான் அம்மா. படம் எடுங்கள். அம்மனை வைத்தாலும் அசுரனை வைத்தாலும் குற்றமில்லை, ஜனங்களுக்குப் பழகிய ருசி வேண்டும். காப்பாற்றப்படுகிறவனுக்கு ஒரு பெயர் வையுங்கள், அவன் வீட்டில் அவனுக்காகக் காத்திருக்கிற ஆளையும் காட்டுங்கள். எடுப்பதற்கு முன் ஆலைக்குள் போய் ஒவ்வொரு மூடியையும் விரலால் தட்டிப் பாருங்கள், இரும்புச் சத்தம் வருகிறதா என்று. எங்களுக்காவது தெர்மோகோல் வாங்கவேண்டியிருந்தது. உங்களுக்கு அதுவும் வேண்டாம், கம்ப்யூட்டரே வரைந்துவிடும். அதுதான் எனக்குப் பயம்.

அந்த விழா நாளின் சாயங்காலம் ஒன்று நடந்தது. எல்லோரும் போன பிறகு கன்னியப்பனும் அமுலுவும் என் மேசைக்கு வந்தார்கள். பதிவேட்டை விரித்து வைத்திருந்தேன். 'காரணம்' கட்டத்தில் அந்த வார்த்தையின்மேல் ஒரே கோடு. பக்கத்தில் 'மிதிக்கு மூடி இல்லாமை', சுருக்கொப்பம், தேதி. எல்லாம் விதிப்படி. கன்னியப்பனுக்குப் படிக்கத் தெரியாது. மிச்சமிருந்த விரல்களில் ஒன்றை அந்த வரியில் வைத்தான்.

"இதாண்ணே?"

"இதான்."

அமுலு எட்டாவது வரை படித்தவள். குனிந்து, உதடு அசைய எழுத்துக் கூட்டிப் பார்த்தாள்.

"கோட்டுக்குக் கீழ இன்னும் படிக்க முடியுதுய்யா" என்றாள் அவனிடம்.

அவன் என்னைப் பார்த்தான். நான் பேனாவைத் திறந்தேன். ஒரு எழுத்துகூடத் தெரியாமல் போகும்வரை, தாள் கிழிந்து அடுத்த பக்கத்தில் மை இறங்கும்வரை, கிறுக்கிக்கொண்டே இருந்தேன்.